அவுட்லுக் அடம்பிடிக்கிறதா? கணக்கை அழிக்காதீர்கள்!

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஆபீஸ் மெயில் நின்றுபோனால் கையும் ஓடாது, காலும் ஓடாது. இன்பாக்ஸ் நேற்று மாலையோடு நிற்கும்; கீழே ஓரத்தில் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு காரியம். கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பார்கள். இல்லையென்றால் செட்டிங்ஸுக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பார்கள். நேற்றுவரை ஓடிய மெயில் இன்று நின்றிருக்கிறது என்றால், செட்டிங்ஸ் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மாறியிருக்க வாய்ப்பு குறைவு. கோளாறு வேறெங்கோ இருக்கும். அது எங்கே என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது பல நேரம் ஐந்து நிமிட வேலைதான்.

அதனால் எதையும் மாற்றாமல் பார்க்கக்கூடியவற்றை முன்னாலும், கைவைக்க வேண்டியவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். அவுட்லுக், தண்டர்பேர்ட் என்ற இரண்டு மெயில் புரோகிராம்களையும் மனதில் கொண்டு எழுதியது இது.

1. முதல் வேலை, பிரவுசரைத் திறப்பது. பெரும்பாலான ஆபீஸ் மெயிலுக்கு வெப்மெயில் என்று ஒரு வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ எல்லாவற்றையும் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்து பார்க்கலாம். ஆபீஸே சொந்தமாக சர்வர் வைத்திருந்தாலும் அதற்கென்று ஒரு வெப்மெயில் முகவரி கொடுத்திருப்பார்கள். வேலையில் சேர்ந்த அன்று வந்த பழைய மெயிலில் தேடினால் கிடைக்கும்.

அங்கே மெயில் திறந்துவிட்டால் பாதிக் கவலை போயிற்று. சர்வர் ஓடுகிறது, பாஸ்வேர்டு சரி, கணக்கு முடக்கப்படவில்லை. கோளாறு பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் புரோகிராமில்தான். அங்கேயும் திறக்கவில்லை என்றால் அவுட்லுக்கைத் தொடவே வேண்டாம். நெட், பாஸ்வேர்டு, சர்வர் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இந்த ஒரே சோதனையைச் செய்யாமல் அரை நாளைத் தொலைப்பவர்கள் ஏராளம். இன்னொரு லாபமும் உண்டு: கோளாறு தீரும்வரை அவசர மெயில்களை வெப்மெயிலிலேயே பார்த்து அனுப்பிவிடலாம்.

2. திரையின் அடிப்பகுதியைப் படியுங்கள். அவுட்லுக் தன் நிலைமையை வலதுபக்கக் கீழ் ஓரத்தில் எப்போதும் எழுதி வைத்திருக்கும். யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

‘வொர்க்கிங் ஆஃப்லைன்’ என்று இருந்தால் கோளாறே இல்லை. ‘சென்ட் ரிசீவ்’ பகுதியில் ‘வொர்க் ஆஃப்லைன்’ பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கிறது. இன்னொரு முறை அழுத்தினால் மெயில்கள் வரிசையாக வந்து விழும். ‘நீட் பாஸ்வேர்டு’ என்று இருந்தால் அந்த எழுத்தின் மீதே கிளிக் செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி மேலே வரும். பல நேரம் அந்தப் பெட்டி வேறு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும், நாம் மெயில் வரவில்லை என்று நெட்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். ‘டிஸ்கனெக்டட்’ அல்லது ‘டிரையிங் டு கனெக்ட்’ என்று இருந்தால்தான் உண்மையான இணைப்புக் கோளாறு. தண்டர்பேர்டில் இடதுபக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் படம் இருக்கும். ஆஃப்லைனா ஆன்லைனா என்பதை அது காட்டும், அதை அழுத்தியே மாற்றலாம்.

3. வைஃபை கோடுகள் நிறைந்திருந்தால் நெட் இருக்கிறது என்று பொருளல்ல. அது ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் சிக்னலின் பலத்தைச் சொல்கிறது. ரவுட்டருக்கு அப்பால் லைன் அறுந்திருந்தாலும் கோடுகள் நிறைந்துதான் இருக்கும். இதுவரை திறக்காத ஒரு வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் கம்ப்யூட்டரின் நினைவிலிருந்தே வந்து ஏமாற்றக்கூடும்.

4. செல்போனின் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை அதில் இணையுங்கள். மெயில் உடனே ஓடினால் குற்றவாளி உங்கள் வீட்டு நெட். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நெட் கம்பெனிக்குத்தான் போன் செய்ய வேண்டும், ஆபீஸுக்கு அல்ல. ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் வீட்டு நெட்டை விட்டுவிட்டு அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

5. ஹோட்டல், விமான நிலையம், காபிக் கடை வைஃபைகளில் முதலில் ஒரு பக்கம் வந்து போன் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்கும். அதை முடிக்கும்வரை அவுட்லுக்குக்கு வழி கிடையாது. பிரவுசரைத் திறந்து அதை முடித்துவிட்டு அப்புறம் மெயிலைத் திறங்கள்.

6. வி.பி.என். வைத்துள்ள ஆபீஸா? சில நிறுவனங்களில் மெயில் சர்வர் வெளியுலகுக்கே தெரியாது, வி.பி.என். போட்டால்தான் உள்ளே போக முடியும். அப்படிப்பட்ட இடங்களில் வெப்மெயிலும் வீட்டிலிருந்து திறக்காது, ஆகவே முதல் குறிப்பில் சொன்ன சோதனையை வி.பி.என். போட்ட பிறகு செய்யுங்கள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் வி.பி.என். அறுந்திருக்கும். பூட்டுப் படம் மட்டும் அப்படியே நிற்கும், அதை நம்பாதீர்கள். துண்டித்துவிட்டு மறுபடி இணைப்பதே நிச்சயம்.

7. கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பது. பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைப் போல வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும். கடையில் சி.ஆர். 2032 என்று கேட்டால் தருவார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெயிலுக்கும் தேதிக்கும் என்ன சம்பந்தம்? சர்வர் தன் அடையாளமாக ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உலகெங்கும் ஏராளமான சர்வர்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ பொதுவாக 90 நாளுக்குத்தான் தருகிறது. உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் 2015-இல் இருந்தால், ‘இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே’ என்று இணைப்பை மறுத்துவிடும். தேதி மட்டுமல்ல, நேரமும் முக்கியம்: ஆபீஸ் டொமைனில் சேர்க்கப்பட்ட லேப்டாப்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே உள்நுழைவு மறுக்கப்படலாம். டைம் செட்டிங்ஸில் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். டைம் ஸோன் இந்தியாவில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியை மாற்றாமல் தேதியை மட்டும் திருத்தினால் அடுத்த பவர்கட்டில் மறுபடி இதே கதை.

8. பாஸ்வேர்டை அடிக்கும்போது கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது? தமிழில் டைப் செய்யும் வழக்கம் உள்ள நமக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. தமிழ்99 விசைப்பலகை ஆனில் இருக்கும்போது ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் ‘அ’ விழும். பாஸ்வேர்டுக் கட்டத்தில் எல்லாம் கரும்புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவே முடியாது. டாஸ்க்பாரில் மொழியைப் பாருங்கள். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். சந்தேகமாக இருந்தால் நோட்பேடில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு உடனே அழித்துவிடுங்கள். கேப்ஸ் லாக்கையும் அப்படியே பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை காப்பி செய்து ஒட்டினால் கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் தவறான பாஸ்வேர்டுதான்.

9. பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அப்படியானால் போனிலும் மாற்றினீர்களா? பல ஆபீஸ்களில் குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார்கள். லேப்டாப்பில் மாற்றிவிட்டு நாம் மறந்துவிடுவோம். ஆனால் செல்போன், டேப்லெட், அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப் எல்லாம் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வருக்கு இது யாரோ திருடன் போலத் தோன்றும். குறிப்பிட்ட முறைக்கு மேல் தவறான பாஸ்வேர்டு வந்தால் கணக்கையே பூட்டிவிடும்.

இதன் அடையாளம் விசித்திரமாக இருக்கும்: சிறிது நேரம் மெயில் ஓடும், பிறகு நிற்கும், ஐ.டி. ஆள் பூட்டைத் திறந்து கொடுத்தால் ஓடும், மதியத்துக்குள் மறுபடி பூட்டிக்கொள்ளும். அவரும் பூட்டைத் திறந்து திறந்து சலித்துப்போவார். முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மற்றக் கருவிகளை அணையுங்கள். பிறகு பூட்டைத் திறக்கச் சொல்லி, லேப்டாப்பில் மட்டும் புதிய பாஸ்வேர்டைக் கொடுங்கள். நன்றாக ஓடினால், ஒவ்வொரு கருவியாக எடுத்துப் புதிய பாஸ்வேர்டு போட்டு நெட்டில் சேருங்கள்.

10. புதிய பாஸ்வேர்டு கொடுத்தும் அவுட்லுக் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? விண்டோஸ் பழைய பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ போய், ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ என்பதன் கீழ் ஆபீஸ், அவுட்லுக் பெயரில் உள்ள பதிவுகளை நீக்குங்கள். இது பாஸ்வேர்டின் நகலை மட்டும்தான் நீக்கும், மெயிலைத் தொடாது. அவுட்லுக்கை மூடித் திறந்தால் புதிதாகக் கேட்கும்; ஒரு முறை கொடுத்தால் போதும்.

11. சரியான பாஸ்வேர்டையே ஏற்க மறுக்கிறது, வெப்மெயிலிலோ அதே பாஸ்வேர்டு ஓடுகிறது என்றால், புரோகிராம் கிழடாகிவிட்டது என்று பொருள் கொள்ளுங்கள். வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் சேவையில் படிப்படியாக நிறுத்தியது. அவுட்லுக் 2010-க்குப் புதிய முறை தெரியவே தெரியாது. அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் பயன் இல்லை. 2016-க்குப் பிந்தைய பதிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

கூகுளும் இதே வழிக்கு வந்தது. தனிநபர் ஜிமெயிலில் 2022 மே மாதமும், நிறுவனங்களுக்கான வொர்க்ஸ்பேஸில் 2025-இலும் பழைய முறை போயிற்று. தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் கணக்கின் செட்டிங்ஸில் ‘ஆத்தென்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘ஓஆத்2’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசர் போன்ற ஒரு ஜன்னல் திறந்து உள்நுழையச் சொல்லும். அந்த ஜன்னல் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டில் குக்கீகள் தடுக்கப்பட்டிருக்கலாம். ஓஆத்2 தெரியாத பழைய புரோகிராம் என்றால் கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்து, 16 எழுத்து கொண்ட ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை வாங்கி அதை இங்கே போட வேண்டும். ஆபீஸ் நிர்வாகி இதை அனுமதிக்காமலும் வைத்திருக்கலாம்.

12. விண்டோஸோடு இலவசமாக வந்த ‘மெயில்’ ஆப்பைப் பயன்படுத்துபவரா? 2024 டிசம்பர் 31-உடன் மைக்ரோசாஃப்ட் அதற்கு விடைகொடுத்துவிட்டது. பழுது பார்த்துப் பயனில்லை. வேறு புரோகிராமுக்கு மாறுங்கள்.

13. அவுட்லுக்கின் வலது மேல் மூலையில் ‘நியூ அவுட்லுக்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. கைதவறி அதை ஆன் செய்தவர்கள் பலர். ஆபீஸ் கட்டடத்துக்குள்ளேயே சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களின் கணக்கு இந்தப் புதிய அவுட்லுக்கில் சேராது. சுவிட்சை ஆஃப் செய்து பழையதற்கே திரும்புங்கள். புதிதாக வந்ததெல்லாம் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

14. மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. இது தனிக் கோளாறு. வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு ஒரு சர்வர், இரண்டும் வேறு. சர்வரை ஒரு பெரிய கட்டடம் என்று வைத்துக்கொண்டால், போர்ட் எண் என்பது அதன் வாசல் எண். எந்த வாசலில் போய் நின்றோம் என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே விடுவார்கள்.

மெயிலைக் கொண்டுவரும் ஐமேப் முறைக்குப் பாதுகாப்பான வாசல் 993. பாப் முறைக்கு 995. அனுப்பும் எஸ்.எம்.டி.பி.க்கு 587 அல்லது 465. இதில் 587 என்றால் பாதுகாப்பு முறை ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ என்றும், 465 என்றால் ‘எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ்’ என்றும் இருக்க வேண்டும். எண்ணை மாற்றிவிட்டு இதை மாற்றாமல் விட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். பிழைச் செய்திகூட உடனே வராது. ஆபீஸில் கொடுத்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணையே போடுங்கள்.

பழைய செட்டிங்ஸில் 25 என்று இருந்தால் அங்கேதான் சிக்கல். குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் இந்த வாசலைத் துஷ்பிரயோகம் செய்ததால் பல நெட் கம்பெனிகள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்துவிட்டன. ஆபீஸ் நெட்டில் ஓடிய லேப்டாப் வீட்டில் மட்டும் அனுப்ப மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவுட்லுக்கில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ‘மோர் செட்டிங்ஸ்’ உள்ளே ‘அவுட்கோயிங் சர்வர்’ என்ற பகுதியில், அனுப்பும் சர்வருக்கும் அடையாளம் தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று.

15. திருப்பி வரும் பிழைச் செய்தியில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். ஆங்கில வாக்கியம் புரியாவிட்டாலும் எண் போதும். 535 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 550 என்றால் அந்த முகவரி இல்லை, அல்லது இந்த சர்வர் வழியாக அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை. 552 என்றால் அளவு மீறிவிட்டது. 421 என்றால் சர்வர் இப்போது வேலை செய்யும் நிலையில் இல்லை. கொஞ்சம் பொறுத்து முயலுங்கள்.

16. அவுட்பாக்ஸில் ஒரு பெரிய மெயில் சிக்கினால் அதன் பின்னால் நிற்பவையும் போகாது. மெயிலில் இணைக்கும் ஃபைல் பயணத்துக்காக எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்.பி. ஃபைல் போகும்போது ஏறக்குறைய 27 எம்.பி. ஆகியிருக்கும். வரம்பு 25 எம்.பி. என்று சொல்லும் சர்வர் அதை விடாது. ‘20 தானே இருக்கிறது’ என்று நாம் வாதாடுவோம். முதலில் ‘வொர்க் ஆஃப்லைன்’ அழுத்தி, அவுட்லுக்கை மூடித் திறந்து, அவுட்பாக்ஸில் இருக்கும் அந்த மெயிலை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துப் போடுங்கள். ஆஃப்லைன் ஆக்காமல் அழிக்கப் போனால் ‘அனுப்பிக்கொண்டிருக்கிறேன்’ என்று அழிக்க விடாது. கல்யாண ஆல்பம் அளவுக்குப் பெரிய ஃபைல்களை டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவதே நல்லது.

17. மெயில் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று வெப்மெயிலில் பாருங்கள். சிறு நிறுவனங்கள் வாங்கும் ஹோஸ்டிங்கில் ஆளுக்குக் கொஞ்சம்தான் இடம் கிடைக்கும். ‘சென்ட்’ ஃபோல்டரில் இருக்கும் பெரிய இணைப்புகளை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பாப் முறையில் ‘சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்’ என்ற டிக் இருந்தால் வருடக்கணக்கான மெயில் அங்கே குவிந்திருக்கும்.

18. ஆன்டிவைரஸ் சில சமயம் மெயிலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கும். புதுப்பித்த மறுநாள் மெயில் நின்றால் அதன்மீது சந்தேகப்படலாம். முழு ஆன்டிவைரஸையும் நிறுத்தாதீர்கள். அதில் ‘ஈமெயில் ஸ்கேன்’ அல்லது ‘மெயில் ஷீல்டு’ என்ற ஒன்றை மட்டும் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அதையும் ஐ.டி. பிரிவைக் கேட்டுத்தான்.

19. கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறங்கள். ‘சேஃப் மோடில் திறக்கட்டுமா’ என்று கேட்கும், ‘யெஸ்’ சொல்லுங்கள். இதில் ஓடினால், ஏதோ ஒரு ‘ஆட்-இன்’ தான் கழுத்தை நெரித்திருக்கிறது. மீட்டிங் புரோகிராம், பி.டி.எஃப். புரோகிராம் என்று ஒவ்வொன்றும் கேட்காமலே தன் துணைக்கருவியைச் சொருகிவிடும். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். தண்டர்பேர்டுக்கு ‘ஹெல்ப்’ மெனுவில் ‘டிரபிள்ஷூட் மோட்’.

20. சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘யெஸ்’ சொல்லாதீர்கள். ஹோஸ்டிங் மாறியிருந்தாலோ சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருந்தாலோ இது வரும். ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் பொது வைஃபையில் இருக்கும்போது வந்தால் உடனே இணைப்பைத் துண்டித்து செல்போன் நெட்டுக்கு மாறுங்கள். நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

21. சர்வர் பெயரில் ஓரெழுத்து தவறினாலும் இணையாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயிலில் இது அடிக்கடி நடக்கும்: சொந்த டொமைன் உள்ள நிறுவனக் கணக்குக்கு சர்வர் பெயரில் ‘ப்ரோ’ என்று சேர்ந்து வரும், தனிநபர் கணக்குக்கு வராது, இந்தியத் தரவு மையத்தில் உள்ள கணக்கு என்றால் முடிவில் ‘டாட் இன்’, அமெரிக்கா என்றால் ‘டாட் காம்’. அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதாமல், உங்கள் கணக்கின் செட்டிங்ஸ் பக்கத்தில் காட்டும் பெயரை அப்படியே எடுங்கள். ஐமேப் வசதி அங்கே ஆனில் இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம். யூசர்நேம் கேட்கும் இடத்தில் முழு மெயில் முகவரியைக் கொடுங்கள். சில ஆபீஸ்களில் மட்டும்தான் வெறும் பெயர்.

22. பக்கத்து சீட்காரருக்கு ஒரு போன் போடுங்கள். எல்லோருக்கும் நின்றிருந்தால் உங்கள் லேப்டாப்பில் கைவைக்க ஒன்றுமே இல்லை. 2022 புத்தாண்டு அன்று உலகெங்கும் சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர் வைத்திருந்த நிறுவனங்களில் மெயில்கள் வரிசையில் தேங்கி நின்றன. வைரஸ் வடிகட்டும் பகுதி தேதியை ஓர் எண்ணாக எழுதி வைக்கும். அன்று அந்த எண் 2201010001 ஆனது. அதற்கு ஒதுக்கிய இடத்தில் அதிகபட்சம் 2147483647 வரைதான் கொள்ளும். அவ்வளவுதான், நின்றுவிட்டது. அன்று வீட்டில் உட்கார்ந்து அவுட்லுக்கை நீக்கி மறுபடி நிறுவியவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

சின்ன நிறுவனங்களில் காரணம் இன்னும் எளிது: டொமைனுக்கு வருடாந்தரப் பணம் கட்ட மறந்திருப்பார்கள். நிறுவனத்தின் வெப்சைட் திறக்கிறதா என்று பாருங்கள். அதுவும் திறக்காமல் விளம்பரப் பக்கம் வந்தால் முதலாளியிடம் உடனே சொல்லுங்கள்.

23. கணக்கை நீக்குவதற்கு முன் அது ஐமேபா, பாப்பா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எக்ஸ்சேஞ்ச், ஐமேப் இரண்டிலும் மெயில் சர்வரில் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது நகல்தான். பாப் அப்படியல்ல. மெயிலை சர்வரிலிருந்து இறக்கி, அங்கே அழித்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. பத்து வருட மெயில் உங்கள் கம்ப்யூட்டரில் ‘பி.எஸ்.டி.’ என்று முடியும் ஒரே ஒரு ஃபைலில் மட்டும் இருக்கக்கூடும். வேறெங்கும் இல்லை. அதைப் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ நகலெடுக்காமல் எதையும் நீக்காதீர்கள். பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். நகலெடுக்கும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும்.

24. நீக்குவதற்குப் பதில் புதிதாக ஒன்று சேர்க்கலாம். அவுட்லுக்கை மூடிவிட்டு கன்ட்ரோல் பேனலில் ‘மெயில்’, அதில் ‘ஷோ புரொஃபைல்ஸ்’, அதில் ‘ஆட்’. புதிய புரொஃபைலில் ஆபீஸ் கணக்கைச் சேர்த்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பழைய புரொஃபைல் கெட்டிருக்கிறது என்பது உறுதி. ஓடவில்லை என்றாலும் பழையது கைபடாமல் அப்படியே இருக்கும்.

25. அவுட்லுக்கின் டேட்டா ஃபைலுக்கு 50 ஜி.பி. என்று ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கினாலும், சி டிரைவில் இடம் தீர்ந்தாலும் மெயில் இறங்காது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், எதை அழிப்பது என்று அதுவே சொல்லும்.

26. ஐ.டி. ஆளிடம் பேசுவதற்கு முன் பிழைச் செய்தியை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘சார், மெயில் வொர்க் ஆகல’ என்று சொன்னால் அவர் முதல் குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘சார், காலைல இருந்து அவுட்லுக் டிஸ்கனெக்டட்னு காட்டுது. வெப்மெயில் ஓபன் ஆகுது. ஹாட்ஸ்பாட்லயும் பாத்துட்டேன், அதே கதைதான். நேத்து சாயங்காலம் பாஸ்வேர்டு மாத்தினேன்.’ கேட்கிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது; உங்கள் முறையும் சீக்கிரம் வரும். பாஸ்வேர்டை மட்டும் போனில் சொல்லாதீர்கள். உண்மையான ஐ.டி. ஆளுக்கு அது தேவையே இல்லை.

27. கூகுளில் ‘அவுட்லுக் கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் நம்பர்களுக்குப் போன் செய்யாதீர்கள். அவற்றில் மோசடிக்காரர்களின் நம்பர்கள் கலந்திருக்கின்றன. எனிடெஸ்க் என்ற ஆப்பைப் போடச் சொல்வார்கள், சரிசெய்கிறேன் என்று ஸ்கிரீனைக் கைப்பற்றுவார்கள், பத்து ரூபாய் கட்டணம் என்று பேங்க் பக்கத்தைத் திறக்க வைப்பார்கள். ஆபீஸ் மெயிலுக்கு ஆபீஸைத் தவிர வேறு யாரையும் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்துபோய்ப் பணம் போயிருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.